பாக்கியம் ஒருக்களித்துப் படுத்த காலை

உங்கள் வார்டில் இருக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒளித்துப் பேசுவானேன்? கர்ப்பிணியின் வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளையின் இதயத்துடிப்பை அது தானாகவே காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரு சாண் நீள மரக்குழல். அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் அழுத்தி, மறுமுனையில் காதைப் பதித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். காதுதான் பெட்டி, காதுதான் காகிதம்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். குழலை எப்படிப் பிடிப்பது என்று எழுதப் போவதில்லை. அது இனி யாருக்கும் வேண்டாம். பிறக்காத ஒரு பிள்ளையை நான் மூச்சுமுட்ட வைத்த கதையை எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு, சீருடை மடிப்புக் கலையாமல், படித்த விதிப்படியே அதைச் செய்தேன். அதனால்தான் சொல்கிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்யும் தப்பு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

நான் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர்களின் மகள். எங்கள் லயத்து வீடுகளில் சீருடை போட்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். கர்வம் இல்லாமல் இருக்குமா? காஜா பெராங்கில் தாய்சேய் நல மையத்தில் என்னைப் போட்டபோது எனக்கு இருபத்து நாலு வயது. இருக்கிற நர்ஸ் மிஸ்ஸிகளிலேயே என் காதுதான் கூர்மை என்று பேர் வாங்கியிருந்தேன். மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும் துடிப்பை நான் குழலை வைத்ததும் பிடித்துவிடுவேன். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மையத்திலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம் போனால் செட்டிகளின் கம்பம், அதாவது அவர்கள் குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். கோயிலும் பூஜையும் நம்மைப் போலத்தான். ஆனால் தமிழ் வராது. வீட்டுக்குள் பேசுவது அவர்களுடைய மலாய். நானும் அவர்களோடு மலாயில்தான் பேசுவேன். உங்கள் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கம்பத்தில் பாக்கியம் என்ற பெண். எனக்கு ஒரு வயது இளையவள். கணவன் தேவன் ஆற்றோரக் கிடங்கில் வேலை பார்த்தான். மாமியாரை வீட்டில் எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் 'மாக்' என்றே கூப்பிட்டேன், அம்மா என்று அர்த்தம். பாக்கியத்துக்கு அது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே துடிப்பு நின்று போனவை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால் அவள் வாராவாரம் வந்து நிற்பாள். நான் குழலை வைத்துக் கேட்டு முடித்துத் தலையை நிமிர்த்தும்வரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருப்பாள். அப்புறம் கேட்பாள்.

"இருக்கா?"

என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட தமிழ்ச் சொல் அது. துடிப்பைத் தேடும்போது நான் எனக்குள் முணுமுணுக்கும் சொல்.

"இருக்கு" என்பேன். எழுந்து சாரோங்கைச் சரி செய்துகொண்டு போய்விடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வெயிலில் நடந்து வருவாள். ஒருமுறை மட்டும் வாசலில் நின்று திரும்பி, "இதுவும் போயிட்டா அப்புறம் நான் இருக்கான்னு கேக்கவே மாட்டேன் மிஸ்ஸி. எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட அவள் தைத்து வைக்கவில்லை. மாக்தான் அவளுக்குத் தெரியாமல் நாலு துணி தைத்து அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார்.

எட்டாம் மாதம் தாண்டியது. ஒன்பதும் பிறந்தது. வயிறு மாதத்துக்கு ஏற்ற அளவில்லை, கொஞ்சம் சின்னது. பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னேன். கவனமாகப் பார்த்துக்கொள், அசைவு குறைந்தால் உடனே அனுப்பு என்றார்.

ஒருநாள் காலை தேவன் சைக்கிளை மையத்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான். அன்றைக்கு ஊரே பாடாங் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாட்டுக்கு எப்போது சுதந்திரம் என்று அங்கே சொல்லப் போகிறார்கள். கடைகளெல்லாம் பாதிக் கதவோடு நின்றன.

"மிஸ்ஸி, நேத்து சாயங்காலத்துல இருந்து புள்ள அசையலையாம். மாக் உடனே உங்கள வரச் சொன்னாங்க."

நான் போனபோது பாக்கியம் சுவரில் சாய்ந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல மெங்குவாங் பாயை விரித்து, தலையணையை உருவி, காலை நீட்டி, மல்லாக்கப் படுக்கவைத்தேன். வயிறு சமமாக இருந்தால்தான் குழல் நன்றாகப் பதியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையும் அதுதான். வழக்கமாக ஒரு நிமிடம் எண்ணுவேன், எழுந்துவிடுவாள். அன்றைக்கு ஒரு நிமிடத்தோடு நான் விடவில்லை.

முதல் நிமிடம் நூற்று முப்பத்தெட்டு. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அசைவில்லை என்கிறார்களே, எதற்கும் இன்னொரு தடவை எண்ணிவிடுவோம் என்று காதை எடுக்காமல் எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. என்னடா இது என்று மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றாறு.

"மிஸ்ஸி, பெனிங்" என்றாள் பாக்கியம். தலை சுற்றுகிறதாம்.

"டியாம்!" என்று அதட்டினேன். மலாயில் 'சத்தம் போடாதே' என்று அர்த்தம். "பேசினா எண்ணிக்கை தப்பிடும்."

அவள் திரும்பவும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து நேராக்கினேன். "டியாம்னு சொன்னேனில்ல! அசையாத." சீருடை போட்டவளை எதிர்த்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாக் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். நான் எண்ணினேன். எழுபத்தெட்டு.

பயம் வந்தால் இன்னும் கூர்ந்து கேட்கத் தோன்றும். கேட்கக் கேட்கத் துடிப்பு இறங்கிற்று. துடிப்பு இறங்க இறங்க நான் இன்னும் அழுத்திக் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பாக்கியத்தின் முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை முத்துவிட்டிருந்தது. கை ஜில்லென்று இருந்தது. உள்ளே ரத்தப்போக்கு, பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பயத்தை முகத்தில் காட்டவில்லை. உத்தரவு போடுவதில் நான் கெட்டிக்காரி.

"தேவன், டாக்ஸி கொண்டா. பலகை ஒண்ணு எடுத்து வை, படுக்கவெச்சே தூக்கணும். மாக், இவள யாரும் அசைக்கக் கூடாது. இப்படியே மல்லாக்கக் கிடக்கட்டும். நான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

"இருக்கா?" என்று பாக்கியம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் வெளியே ஓடினேன். அவள் கேட்டு நான் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

தெருமுனைச் சீனர் கடையில்தான் போன். ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னேன், உடனே கொண்டுவரச் சொன்னார்கள். மொத்தமே ஐந்தாறு நிமிடம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால், பாக்கியம் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிறாள். மாக் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "யாரு திருப்பச் சொன்னது? நான் என்ன சொல்லிட்டுப் போனேன், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

மாக் பயந்துபோனார். ஆனால் கையை எடுக்கவில்லை. "நான்தான் திருப்பினேன் மிஸ்ஸி. வாந்தி வருதுன்னா. மல்லாக்கக் கிடந்து வாந்தி எடுத்தா மூச்சடைச்சுக்காதா? மன்னிச்சுக்குங்க."

பாக்கியத்தைத் திரும்பப் புரட்ட எனக்குப் பொறுமை இல்லை. அவள் படுத்திருந்தபடியே, நானும் தரையில் முக்கால்வாசி படுத்து, கோணல்மாணலாகக் குழலை வைத்துத் தேடினேன். துடிப்பு கிடைத்தது. டக் டக் டக் என்று ஓடுகிறது. நூற்று முப்பத்திரண்டு.

நம்பவில்லை. தாயின் நாடியைப் பிள்ளையுடையது என்று எண்ணித் தொலைத்த மிஸ்ஸிகளை எனக்குத் தெரியும். ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டேன். மணிக்கட்டில் ஒரு வேகம், காதில் வேறு வேகம். பிள்ளையேதான். நூற்று முப்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியத்தின் உதட்டில் ரத்தம் ஏறியிருந்தது.

"இப்ப தலை சுத்துதா?"

"இல்ல மிஸ்ஸி. மல்லாந்தாதான் சுத்தும். கொஞ்ச நாளாவே அப்படித்தான். ராத்திரியெல்லாம் இந்தப் பக்கமாத்தான் படுப்பேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான்தான் வாயை அடைத்தேன். மல்லாந்தால் வயிற்றுப் பாரம் முழுக்க முதுகுப் பக்கத்து ரத்தக்குழாயில் இறங்குகிறது, தாய்க்கே ரத்தம் ஏறவில்லை, பிள்ளைக்கு எங்கிருந்து போகும்? எண்ணியவளும் நான், மெதுவாக்கியவளும் நான். கூர்மையான காது என்று பேர் வாங்கியவள்! அந்தத் தரையிலேயே புதைந்துவிடலாம் போல் இருந்தது.

இங்கே ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. திரும்ப ஒரே ஒரு தடவை மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். என் கை அவள் தோள் வரைக்கும் போய்விட்டது. அப்புறம் எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளை இன்னொரு தடவை மூச்சடக்க வேண்டியதில்லை.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. தேவனும் டிரைவரும் பலகையோடு உள்ளே வந்தார்கள். டிரைவர் நம் ஆள், தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்.

"பலகை வேணாம்" என்றேன். "இப்படியே ஒருக்களிச்சபடி தூக்குங்க. யாரும் மல்லாத்தக் கூடாது."

தேவன் திகைத்துப்போய் நின்றான். "நீங்கதானே மிஸ்ஸி மல்லாக்கப் படுக்கணும்னு சொன்னீங்க? இப்பதான் அதுக்கு மாக்கைத் திட்டினீங்க?"

"ஆமா. நான் சொன்னது தப்பு. மாக் பண்ணினதுதான் சரி."

ஒரு வரி. அந்தக் கம்பத்தில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது, அது போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. மாக் வந்து பாக்கியத்தின் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நல்லா இருக்குன்னா எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றான் தேவன். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. போகாமல் விட்டால் என் தப்பு இந்த நாலு சுவருக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை. வயிறு சின்னது. கொஞ்சம் நெருக்கினதுமே அவ்வளவு கீழே இறங்கிய துடிப்பு, வேறு ஏதோ பற்றாக்குறையையும் சொல்கிறது. ஒரு எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று வீட்டில் உட்கார முடியாது. "போயே ஆகணும்" என்றேன்.

பின்சீட்டில் பாக்கியம் இடப்பக்கமாகப் படுத்துக்கொள்ள, மாக் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் சீட்டுக்குக் கீழே முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். பெரிய சாலைக்கு வந்தால் பாடாங்குக்குப் போகும் லாரிகள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. லாரி நிறைய ஆட்கள், கொடிகள், கொம்பாங் மேளம், "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்ற சுதந்திர முழக்கம்.

"ஜாலான் முழுக்க மனுஷத் தலைதான் மிஸ்ஸி" என்றார் டிரைவர், சாலையைக் காட்டி. "ஓரமா ஊர்ந்துதான் போவணும். பயப்படாதீங்க, வுட்ருவேனா?"

நான் குழலை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மேளம்தான் கேட்கிறது. இன்னும் அழுத்தினேன். முழக்கம்தான். என் காது என்னைக் கைவிட்ட நாள் அது.

"இருக்கா?" என்றாள் பாக்கியம்.

இருக்கு என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு சொல்தானே, அவளுக்கும் ஆறுதல். ஆனால் நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் அவள் எப்படி நம்புவாள்? "கேக்கல பாக்கியம்" என்றேன். "சத்தம் அதிகம். இருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியல."

அவள் கண்ணை மூடவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்து, குழலை விலக்கிவிட்டு, வயிற்றின் மேல்பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். கார் ஊர்ந்தது. ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. என் உள்ளங்கைக்குக் கீழே மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, ஒரு முட்டு வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இருக்கு" என்றாள் அவள். எனக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. மறுநாள் காலையில் வலி கண்டது. அவளை ஒருக்களித்தபடியே வைத்து, ஒவ்வொரு வலி முடிந்ததும் நான்தான் துடிப்பைக் கேட்டேன். வலி இறுக்கும்போது துடிப்பு மெதுவாகும், வலி விட்டதும் எழுந்து வந்துவிடும். டாக்டர் பக்கத்தில் நின்று விளக்கினார். மிச்சத்தைப் பின்னால் வந்த படிப்பில் தெரிந்துகொண்டேன்.

வயிற்றுக்குள் பிள்ளைக்கு வரவேண்டிய ரத்தம் குறைந்தால் அதன் இதயம் பதறி ஓடுவதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கை கால், குடல் இவற்றுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி, மூளைக்கும் தனக்கும் திருப்பிவிடுகிறது. அசைந்தால் செலவு என்று அசையாமல் கிடக்கிறது. மாதக்கணக்கில் குறைவாகவே வந்தால் சின்னதாக வளர்ந்து அதற்குள் பிழைக்கப் பார்க்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், பிறப்பதற்கு முன்பே, இத்தனை யோசனையோடு ஒரு உயிர் நடந்துகொள்கிறது. நான் பலவீனமான இதயம் என்று நினைத்தது, சமாளித்துக்கொண்டிருந்த இதயம்.

அதற்காக மெதுவாகத் துடித்தால் பரவாயில்லை, பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று யாராவது புரிந்துகொண்டு போனால் உதை கிடைக்கும், சொல்லிவிட்டேன். ஆற்றில் முங்கி மூச்சடக்குகிறவனுக்கும் ஒரு அளவு உண்டு. வலி விட்ட பிறகும் துடிப்பு எழுந்து வரவில்லையென்றால் உங்களுக்கு நேரமில்லை. நான் சொல்ல வருவது வேறு. துடிப்பு இறங்கினால் பிள்ளை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வேலை அதை எது நெருக்குகிறது என்று பார்ப்பது. சில நேரம் நெருக்குவது நீங்களாகவே இருப்பீர்கள்.

மதியம் பிறந்தது. பெண். ஐந்து ராத்தலுக்கும் குறைவு, நஞ்சுக்கொடி சின்னதாக, அங்கங்கே வெளுத்துக் கட்டி தட்டியிருந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு கத்தல் கத்தினாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. வெளியே தேவன் மாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒளித்து வைத்திருந்த நாலு துணியும் மாக்கின் பையிலேயே இருந்தன. எப்போது எடுத்துப் போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது.

மையத்துக்குத் திரும்பியதும் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்: 'தாயை மல்லாக்கப் படுக்கவைத்ததால் துடிப்பு இறங்கியது, ஒருக்களித்ததும் சரியானது.' எழுதிவிட்டு, அதற்கு முன் நான் படுக்கவைத்த பெண்களை நினைத்துப் பார்த்தேன். தலை சுற்றுகிறது என்று எத்தனை பேர் சொல்ல வந்திருப்பார்கள்? யார் யாரை அதட்டினேன்? தெரியாது. அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து குழலை எடுக்கும் முன் முதல் கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டேன்: "எப்படிப் படுத்தா உனக்கு நல்லா இருக்கு?" உங்கள் பெட்டி இதைக் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நாற்பது நாள் பந்தாங் பத்தியம் முடிந்து பிள்ளையைப் பார்க்கப் போனேன். கன்னம் உப்பி, கை மடிப்பு விழத் தொடங்கியிருந்தது. பாக்கியம் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, என் பையைத் திறந்து குழலை எடுத்தாள். கேட்கவே இல்லை, எடுத்தாள். பிள்ளையைத் தன் பக்கத்தில் ஒருக்களித்துப் போட்டு, நெஞ்சில் குழலை வைத்து, காதைப் பதித்தாள். அத்தனை மாதம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முதல் தடவையாகத் தானே கேட்கிறாள். உதடு அசைந்தது. மலாயில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்கா?" என்றேன்.

அவள் தலையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கினாள்.

"டியாம், மிஸ்ஸி."

மாக் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு, அவள் எண்ணி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.